பகிர்ந்த ஸ்டோரேஜில் விஎம் வட்டுகளுக்குப் பூட்டு: லிப்விர்ட் லாக் மேனேஜரை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரே என்எஃப்எஸ் பங்கையோ (நெட்வொர்க்கில் பகிரும் கோப்புறை) ஒரே சான் லன்னையோ (நெட்வொர்க் வழியே வரும் வட்டு) இரண்டு கேவிஎம் ஹோஸ்ட்கள், அதாவது விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் லினக்ஸ் சர்வர்கள், பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே விஎம்மை இரண்டு ஹோஸ்டிலும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்தால், விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருளான லிப்விர்ட் தானாக அதைத் தடுக்காது. நிறுவியவுடன் அதில் எந்த லாக் மேனேஜரும் இயங்குவதில்லை. ஒவ்வொரு ஹோஸ்டின் லிப்விர்ட்டுக்கும் தன் வீட்டு விஷயம் மட்டும்தான் தெரியும். பக்கத்து ஹோஸ்டில் அதே வட்டு திறந்திருப்பது அதற்குத் தெரியாது.

யாராவது வேண்டுமென்று இப்படிச் செய்வார்களா என்று தோன்றலாம். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. வழக்கமாக இது லைவ் மைக்ரேஷனில், அதாவது ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவதில் தொடங்கும். லிப்விர்ட்டின் விர்ஷ் மைக்ரேட் கட்டளையில் "அன்டிஃபைன்சோர்ஸ்" விருப்பத்தைச் சேர்க்காமல் விட்டால், விஎம் ஹோஸ்ட்-2க்குப் போன பிறகும் அதன் வரையறை ஹோஸ்ட்-1இல் அப்படியே இருக்கும். அங்கே ஆட்டோஸ்டார்ட்டும் போட்டிருந்தால் கதை முடிந்தது. பல மாதம் கழித்து கர்னல் அப்டேட்டுக்காக ஹோஸ்ட்-1ஐ ரீபூட் செய்வீர்கள், அது எழுந்ததும் பழைய விஎம்மையும் எழுப்பிவிடும். ஹோஸ்ட்-2இல் அதே விஎம் வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்துகொண்டிருக்கும்.

அதன் பிறகு நடப்பது உடனே கண்ணில் படாது. இரண்டு கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும்) கர்னல்களும் ஒரே எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்திருக்கும். காலி பிளாக்குகள் எவை என்பதை ஒவ்வொன்றும் தன் நினைவகத்தில் உள்ள கணக்கை வைத்தே முடிவு செய்யும். ஒரே பிளாக்கை இரண்டும் எடுத்துக்கொள்ளும், ஜர்னலை ஒன்றின் மேல் ஒன்று எழுதும். அடுத்த எஃப்எஸ்சிகே ஓடும்போதோ டேட்டாபேஸ் ஒரு பக்கத்தைப் படிக்க முடியாமல் நிற்கும்போதோதான் சேதம் வெளியே வரும். இடையில் எடுத்த பேக்கப்பிலும் அந்தச் சேதம் இருக்கும். பகிர்ந்த ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்கள் லாக் மேனேஜர் அமைப்பதைத் தள்ளிப்போடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகள், கோப்புப் பெயர்கள், அமைப்பு வரிகள் எல்லாவற்றையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அமைப்பு வரிகள் எல்லாம் அந்தந்தக் கோப்பிலேயே கமென்ட்டாக ஏற்கெனவே இருக்கும், எழுத்துக்கூட்டலை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று அடுக்குகள்

முதல் அடுக்கு, விஎம்மை உண்மையில் ஓட்டும் நிரலான கியூஎமுவின் சொந்தப் பூட்டு. 2017இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து, கியூஎமு ஒரு இமேஜை (விஎம்மின் வட்டாக இருக்கும் கோப்பு) திறக்கும்போதே அந்தக் கோப்பின் சில பைட்டுகளில் பூட்டு போடுகிறது. இன்னொரு கியூஎமு அதே கோப்பை எழுதத் திறந்தால், "ரைட்" லாக் கிடைக்கவில்லை, வேறு ப்ராசஸ் இமேஜைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டு நின்றுவிடும். கியூஎமு-இமேஜ் இன்ஃபோ கட்டளை ஓடும் விஎம்மின் வட்டில் வேலை செய்ய மறுப்பதும், யூ விருப்பம் கொடுத்தால் சம்மதிப்பதும் இதனால்தான். என்எஃப்எஸ்ஸில் பூட்டு சரியாக வேலை செய்தால் இந்தப் பாதுகாப்பு ஹோஸ்ட் தாண்டியும் கிடைக்கும். ஆனால் வட்டு ஒரு பிளாக் டிவைஸாக, அதாவது ஐஸ்கசி லன் அல்லது எல்விஎம் வால்யூமாக இருந்தால் பயனில்லை. டிவைஸ் நோடு, அதாவது டிவைஸைச் சுட்டும் சிறப்புக் கோப்பு, ஒவ்வொரு ஹோஸ்டின் கர்னலிலும் தனித்தனி. ஹோஸ்ட்-1இல் அதன் மேல் போட்ட பூட்டு ஹோஸ்ட்-2க்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது லிப்விர்ட்டின் லாக்டி. விர்ட்லாக்டி என்ற தனி டீமன் (பின்னணியில் ஓடும் சேவை) பூட்டுகளைக் கையில் வைத்திருக்கும். தனி டீமன் எதற்கு என்றால், இது பயன்படுத்தும் கோப்புப் பூட்டான பாசிக்ஸ் எஃப்சிஎன்டிஎல் பூட்டுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு: பூட்டு போட்ட ப்ராசஸ் நின்றாலோ, அந்தக் கோப்பைச் சுட்டும் ஏதோ ஒரு டிஸ்க்ரிப்டரை மூடினாலோ பூட்டு போய்விடும். லிப்விர்ட் டீமனை நாம் அடிக்கடி ரீஸ்டார்ட் செய்வோம். பூட்டு அதனிடம் இருந்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் எல்லா விஎம்மும் பூட்டில்லாமல் நிற்கும்.

மூன்றாவது சான்லாக். ரெட் ஹாட்டில் உருவானது, விஎம் மேலாண்மைத் தளமான ஓவிர்ட் இதை நம்பித்தான் ஓடுகிறது. இதற்கு என்எஃப்எஸ் பூட்டு எதுவும் தேவையில்லை. டிஸ்க் பேக்சோஸ் என்ற முறையில், பகிர்ந்த வட்டின் குறிப்பிட்ட செக்டார்களில் ஒவ்வொரு ஹோஸ்டும் எழுதியும் படித்தும் யாருக்குக் குத்தகை (புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய பூட்டு) என்று தீர்மானித்துக்கொள்ளும். கூடவே வாட்ச்டாக் டைமரோடு கைகோத்துக்கொள்ளும். ஸ்டோரேஜோடு தொடர்பு அறுந்த ஹோஸ்ட் விஎம்களை நிறுத்த முடியாமல் தவித்தால், அந்த ஹோஸ்டே ரீசெட் ஆகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? இமேஜ்கள் என்எஃப்எஸ் 4இல் இருக்கின்றன, ஹோஸ்ட்கள் நாலைந்து, யார் எங்கே ஸ்டார்ட் செய்வது என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள் என்றால் லாக்டி போதும். அமைப்பது எளிது, பராமரிப்பும் குறைவு. ஹோஸ்ட் விழுந்தால் தானாகவே வேறிடத்தில் விஎம்மை எழுப்பும் ஏற்பாடு உங்களிடம் இருந்தால் சான்லாக், இல்லையென்றால் லாக்டியோடு, பேஸ்மேக்கர் கிளஸ்டர் மென்பொருள் தருவது மாதிரி ஒழுங்கான ஃபென்சிங் (பழுதான ஹோஸ்டைக் கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடு). வெறும் லாக்டியை வைத்துக்கொண்டு தானியங்கி ஃபெயிலோவர் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

சேஃப் ஆர்பிடி போன்ற நெட்வொர்க் வட்டுகளை இந்த லாக் மேனேஜர்கள் தொடுவதே இல்லை. கோப்பு, பிளாக் டிவைஸ் இரண்டுக்கும்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: என்எஃப்எஸ் பூட்டை நிரூபித்துவிட்டுத் தொடங்குங்கள்

லாக்டி முழுவதும் எஃப்சிஎன்டிஎல் பூட்டின் மேல் நிற்கிறது. என்எஃப்எஸ் மவுண்ட்டில் "நோலாக்" அல்லது "லோக்கல்_லாக்=ஆல்" என்ற விருப்பம் இருந்தால், பூட்டு அந்த ஹோஸ்டுக்குள்ளேயே முடங்கிவிடும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், பாதுகாப்பு பூஜ்யம். ஒவ்வொரு ஹோஸ்டிலும் என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை எம் விருப்பத்தோடு ஓட்டி, இந்த இரண்டும் இல்லை என்பதைப் பாருங்கள்.

பதிப்பு 3 என்றால் பூட்டுக்கு என்எல்எம், ஸ்டாட்டி என்று தனிச் சேவைகள், தனி போர்ட்டுகள். ஃபயர்வாலில் அவற்றைத் திறக்க மறப்பது வாடிக்கை. பதிப்பு 4இல் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது, 2049 என்ற ஒரே போர்ட் போதும். இன்னொரு பெரிய வேறுபாடு, ஹோஸ்ட் செத்துப்போனால் நடப்பது. பதிப்பு 3இல் செத்த ஹோஸ்ட் மறுபடி எழுந்து சர்வருக்குத் தகவல் சொல்லும்வரை பூட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். பதிப்பு 4இல் குத்தகைக் காலம் முடிந்ததும் சர்வரே பூட்டை விடுவித்துவிடும். லினக்ஸ் சர்வரில் அது இயல்பாக 90 நொடி. புதிதாக அமைப்பவர்கள் 4ஐத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கர்னலில் என்எஃப்எஸ்ஸுக்காக ஓடும் லாக்டியும் லிப்விர்ட்டின் லாக்டியும் வேறு வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று. சிஸ்டம் பதிவுகளைப் பார்க்கும்போது குழம்பிவிடாதீர்கள்.

இப்போது சோதனை. ஹோஸ்ட்-1இல், என்எஃப்எஸ் பங்கில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கி, அதன் மேல் ஃப்ளாக் கட்டளையை ஓட்டி உள்ளே ஸ்லீப் 60 கொடுங்கள். அந்த அறுபது நொடிக்குள் ஹோஸ்ட்-2இல் அதே கோப்புக்கு, காத்திருக்க வேண்டாம் என்று சொல்லும் "என்" எழுத்து விருப்பத்தோடு ஃப்ளாக் ஓட்டுங்கள். வெளியேறும் குறியீடு 1 வந்தால் நல்லது, பூட்டு ஹோஸ்ட் தாண்டுகிறது. 0 வந்தால் இங்கேயே நில்லுங்கள். லினக்ஸ் என்எஃப்எஸ் கிளையன்ட் ஃப்ளாக் பூட்டையும் பைட்-ரேஞ்ச் பூட்டாகத்தான் சர்வருக்கு அனுப்புகிறது, அதனால் லாக்டிக்கும் இந்தச் சோதனை பொருந்தும். இதில் தேறாமல் மேலே போவதில் அர்த்தமில்லை.

இரண்டாம் படி: பூட்டு எங்கே விழ வேண்டும்?

கவனமாக முடிவு செய்ய வேண்டிய இடம் இதுதான். லாக்டி இரண்டு விதமாகப் பூட்டும். நேரடி முறையில் இமேஜ் கோப்பின் மேலேயே பூட்டு போடும், இதுதான் இயல்பு. மறைமுக முறையில், நாம் தரும் ஒரு டைரக்டரியில் வட்டுக்கு ஒரு சிறு கோப்பை உருவாக்கி அதன் மேல் பூட்டு போடும்.

என்எஃப்எஸ்ஸில் இமேஜ் கோப்பாக இருந்தால் நேரடி முறையையே வைத்துக்கொள்ளுங்கள். மறைமுக முறை இங்கே ஒரு வலையைப் பின்னுகிறது. சிறு கோப்பின் பெயர் என்பது இமேஜின் பாதையை எஸ்எச்ஏ256 ஹாஷ் செய்து கிடைக்கும் 64 எழுத்து. ஹோஸ்ட்-1இல் பங்கு "/விஎம்எஸ்" என்றும் ஹோஸ்ட்-2இல் "/டேட்டா/விஎம்எஸ்" என்றும் மவுண்ட் ஆகியிருந்தால், ஒரே இமேஜுக்கு இரண்டு ஹாஷ், இரண்டு கோப்பு, இரண்டு பூட்டு. இரண்டு விஎம்மும் ஜாலியாக ஸ்டார்ட் ஆகும். நேரடி முறையில் இந்தச் சிக்கல் இல்லை, எந்தப் பெயரில் திறந்தாலும் கோப்பு ஒன்றுதான்.

நேரடி முறைக்கு ஒரு தடை உண்டு. விர்ட்லாக்டி ரூட்டாக ஓடுகிறது. என்எஃப்எஸ் சர்வரில் ரூட்_ஸ்குவாஷ் (ரூட்டைச் சாதாரணப் பயனராக நடத்தும் அமைப்பு) போட்டிருந்தால், இமேஜைத் திறக்கவே அதற்கு அனுமதி கிடைக்காமல் போகலாம். விஎம் ஸ்டார்ட் ஆகும்போது "பெர்மிஷன் டினைட்" வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அந்த எக்ஸ்போர்ட்டை ஹோஸ்ட்களின் ஐபிக்கு மட்டும் கட்டுப்படுத்திவிட்டு நோ_ரூட்_ஸ்குவாஷ் கொடுப்பதே நேரான வழி.

பிளாக் டிவைஸ் என்றால் கதை வேறு. நேரடிப் பூட்டு டிவைஸ் நோடின் மேல் விழும், அது உள்ளூர்ப் பூட்டு. ஆகவே மறைமுக முறை கட்டாயம், அந்த டைரக்டரியும் எல்லா ஹோஸ்டும் பார்க்கும் ஒரு பகிர்ந்த கோப்பு முறைமையில் இருந்தாக வேண்டும். சான் மட்டும் வைத்திருப்பவர்களும் பூட்டுகளுக்காக ஒரு குட்டி என்எஃப்எஸ் பங்கு வைக்க வேண்டும் என்று அர்த்தம். சில எம்பி போதும். ஆனால் அது விழுந்தால் புது விஎம் எதையும் ஸ்டார்ட் செய்ய முடியாது, அதனால் ஏதோ ஒரு பழைய டெஸ்க்டாப்பில் வைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: லாக்டி அமைப்பு

இனி சொல்வதெல்லாம் எல்லா ஹோஸ்டிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டியது. இந்தப் பூட்டு பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி: துண்டை மதிப்பவர்கள் இருக்கும்வரைதான் இடம் நமக்கு. லாக் மேனேஜர் அமைக்காத ஒரே ஒரு ஹோஸ்ட் இருந்தாலும், அது பூட்டைப் பார்க்காமலே வட்டைத் திறந்துவிடும்.

ஒவ்வொரு ஹோஸ்டாக எடுத்துக்கொண்டு, அதில் ஓடும் விஎம்களை வேறு ஹோஸ்டுக்கு மாற்றிவிட்டோ நிறுத்திவிட்டோ வேலையைத் தொடங்குங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விஎம்முக்குப் பின்னால் வந்த பூட்டை நம்பக்கூடாது. எல்லா ஹோஸ்டும் முடிந்து, எல்லா விஎம்மும் ஒருமுறை புதிதாக ஸ்டார்ட் ஆன பிறகுதான் பாதுகாப்பு முழுமை.

பிளாக் டிவைஸ்கள் இருந்தால் முதலில் பகிர்ந்த பங்கை "/வார்/லிப்/லிப்விர்ட்/லாக்டி" என்ற இடத்தில் மவுண்ட் செய்து, எஃப்ஸ்டேபில் எழுதுங்கள். பிறகு "/எட்சி/லிப்விர்ட்/கியூஎமு-லாக்டி.கான்ஃப்" கோப்பில்:

ஆட்டோ_டிஸ்க்_லீசஸ் = 1
எல்விஎம்_லாக்ஸ்பேஸ்_டிர் = "/வார்/லிப்/லிப்விர்ட்/லாக்டி/எல்விஎம்வால்யூம்ஸ்"
ஸ்கசி_லாக்ஸ்பேஸ்_டிர் = "/வார்/லிப்/லிப்விர்ட்/லாக்டி/ஸ்கசிவால்யூம்ஸ்"

எல்விஎம் வரி இருந்தால் பூட்டுக் கோப்பின் பெயர் வால்யூமின் யூயூஐடியிலிருந்து வரும், ஸ்கசி வரி இருந்தால் லன்னின் தனி அடையாளத்திலிருந்து வரும். டிவைஸ் ஒரு ஹோஸ்டில் எஸ்டிபி, இன்னொன்றில் எஸ்டிடி என்று பெயர் மாறினாலும் பூட்டு ஒன்றாகவே இருக்கும். அதுதான் வேண்டும். ஃபைல்_லாக்ஸ்பேஸ்_டிர் வரியை நான் கமென்ட்டாகவே விட்டுவிடுவேன். எஃப்சிஎன்டிஎல் பூட்டே தெரியாத கோப்பு முறைமையில் இமேஜ் இருந்தால் மட்டும் அதை எடுக்கலாம், அப்போது எல்லா ஹோஸ்டிலும் பாதை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் "/எட்சி/லிப்விர்ட்/கியூஎமு.கான்ஃப்" கோப்பில் ஒரே வரி:

லாக்_மேனேஜர் = "லாக்டி"

சிஸ்டம்சிடிஎல் மூலம் "விர்ட்லாக்டி.சாக்கெட்"டை எனேபிள் செய்து உடனே ஸ்டார்ட்டும் செய்யுங்கள். பிறகு லிப்விர்ட் டீமனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். புதிய விநியோகங்களில் டீமன்கள் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், அங்கே ரீஸ்டார்ட் ஆக வேண்டியது விர்ட்கியூஎமுடி. சில விநியோகங்களில் லாக்டி பிளகின் தனிப் பேக்கேஜ், அது இல்லையென்றால் டீமன் எழும்போதே பிளகினைக் காணோம் என்று புலம்பும்.

இங்கே ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லாக்ஸ்பேஸ் டைரக்டரி (பூட்டுக் கோப்புகள் இருக்கும் இடம்) இல்லையென்றால் விர்ட்லாக்டி தானே அதை உருவாக்கிக்கொள்ளும். ரீபூட்டில் என்எஃப்எஸ் மவுண்ட் ஆகத் தவறினால், அதே பெயரில் உள்ளூர் வட்டில் டைரக்டரி உருவாகி, பூட்டுகள் அங்கே போய் விழும். எந்தப் பிழையும் வராது. இதைத் தடுக்க விர்ட்லாக்டி சேவைக்கு ஒரு டிராப்-இன் (கூடுதல் அமைப்புக் கோப்பு) எழுதி, யூனிட் பகுதியில் "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்" என்ற வரியில் அந்தப் பாதையைக் கொடுங்கள். மவுண்ட் இல்லாமல் டீமன் எழாது, டீமன் எழாமல் விஎம் எழாது. அப்படி நிற்பதே நல்லது.

நான்காம் படி: மறுப்பை நேரில் பாருங்கள்

அமைத்தோம், டீமன் பச்சையாக ஓடுகிறது என்று நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். இரண்டாவது ஹோஸ்ட் உண்மையிலேயே மறுக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்காதவரை வேலை முடியவில்லை.

இழந்தாலும் பரவாயில்லாத ஒரு சோதனை விஎம்மை உருவாக்குங்கள். ஹோஸ்ட்-1இல் ஸ்டார்ட் செய்யுங்கள். எல்எஸ்லாக்ஸ் கட்டளை கொடுத்தால் விர்ட்லாக்டி பெயரில் பாசிக்ஸ் வகைப் பூட்டு ஒன்று தெரிய வேண்டும். பிளாக் டிவைஸ் என்றால் பகிர்ந்த டைரக்டரிக்குள் போய்ப் பாருங்கள்: எல்விஎம்வால்யூம்ஸ் அல்லது ஸ்கசிவால்யூம்ஸ் உள்ளே ஒரு புதுக் கோப்பு தோன்றியிருக்கும், விஎம் நின்றதும் அது மறைந்துவிடும். இரண்டிலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அந்த டிவைஸின் அடையாளத்தை லிப்விர்ட்டால் எடுக்க முடியவில்லை, பூட்டு மறுபடி உள்ளூர் நோடின் மேல் விழுந்திருக்கிறது. மல்டிபாத் டிவைஸ்களில் (ஒரே வட்டுக்குப் பல வழிகள் உள்ளவை) இந்தச் சரிபார்ப்பைக் கட்டாயம் செய்யுங்கள்.

அதே கோப்பை ஹோஸ்ட்-2இலிருந்தும் பாருங்கள். அங்கே தெரியவில்லை என்றால் டைரக்டரி பகிரப்படவில்லை.

இப்போது விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் எடுத்து, அதை ஹோஸ்ட்-2இல் டிஃபைன் செய்து, ஸ்டார்ட் கொடுங்கள். எதிர்பார்க்க வேண்டிய பதில்: "ரிசோர்ஸ் பிஸி: லாக்ஸ்பேஸ் ரிசோர்ஸ்" என்று தொடங்கி, வட்டின் பெயரைச் சொல்லி, "இஸ் லாக்ட்" என்று முடியும் பிழை. கியூஎமுவின் "ரைட் லாக் கிடைக்கவில்லை" என்ற பிழை வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது முதல் அடுக்கின் தடை, லிப்விர்ட் பூட்டு வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. எந்தப் பிழையும் இல்லாமல் விஎம் எழுந்தால் உடனே நிறுத்திவிட்டு முதல் படிக்குத் திரும்புங்கள்.

கடைசியாக லைவ் மைக்ரேஷன் ஒன்று செய்து பாருங்கள். மூல ஹோஸ்டில் விஎம் இடைநிறுத்தப்பட்ட நொடியில் பூட்டு விடுபடும், சேரும் ஹோஸ்ட் அதை எடுத்துக்கொண்ட பிறகே அங்கே சிபியு ஓடத் தொடங்கும். எல்லாம் சரியாக அமைந்திருந்தால் லாக் மேனேஜர் மைக்ரேஷனுக்கு இடைஞ்சலாக இருக்காது.

இடைநிறுத்தம் என்னும் ஓட்டை

மைக்ரேஷனுக்குக் கைகொடுக்கும் அதே ஏற்பாடு வேறோர் இடத்தில் காலை வாரும். விர்ஷ் சஸ்பெண்ட் கொடுத்தாலும் பூட்டு விடுபடும். இப்படி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஹோஸ்ட்-1இல் விஎம் சஸ்பெண்ட் ஆகியிருக்கிறது. யாரோ ஹோஸ்ட்-2இல் அதை ஸ்டார்ட் செய்கிறார்கள், பூட்டு காலியாக இருப்பதால் எழுந்துவிடும். சில மணிநேரம் ஓடுகிறது, நிறுத்துகிறார்கள். பிறகு ஹோஸ்ட்-1இல் ரிசியூம். பூட்டு மறுபடி காலி, ஆகவே ரிசியூம் வெற்றி. ஆனால் அந்த விஎம்மின் நினைவகத்தில் இருப்பது பழைய வட்டின் படம். அது எழுதத் தொடங்கிய நொடியே சேதம் தொடங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடவே இல்லை, இருந்தும் வட்டு போயிற்று.

என்எஃப்எஸ் கோப்பு என்றால் கியூஎமுவின் சொந்தப் பூட்டு இடைநிறுத்தத்திலும் நிற்கும், அது காப்பாற்றும். பிளாக் டிவைஸில் அதுவும் இல்லை. சான்லாக் இந்த இடத்தில் ஒரு படி மேல்: பூட்டை விடும்போது அதன் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளும், ரிசியூம் செய்யும்போது இடையில் வேறு யாராவது எடுத்திருந்தால் எண் மாறியிருக்கும், மறுத்துவிடும். லாக்டியில் அந்தக் கணக்கு கிடையாது. லாக்டியோடு பிளாக் டிவைஸ் வைத்திருப்பவர்கள், சஸ்பெண்ட் ஆன விஎம்மையும் மேனேஜ்ட்சேவ் செய்த (நினைவகத்தைக் கோப்பில் சேமித்து நிறுத்திய) விஎம்மையும் ஓடும் விஎம்மாகவே கருத வேண்டும், வேறு ஹோஸ்டில் தொடக்கூடாது.

ஷேரபிள், ரீட்ஒன்லி, பேஸ் இமேஜ்

விஎம்மின் எக்ஸ்எம்எல்லில் ஒரு வட்டுக்கு "ரீட்ஒன்லி" குறி இருந்தால் அதற்குப் பூட்டே கிடையாது. ஐஎஸ்ஓ கோப்புகளுக்கு அது சரி. "ஷேரபிள்" குறி இருந்தால் லாக்டி பகிர்வுப் பூட்டு போடும், பலர் ஒரே நேரத்தில் திறக்கலாம். ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமை கெஸ்ட்டுக்குள் ஓடும் வட்டுகளுக்கு மட்டும் இந்தக் குறி. "லாக் பிழை வருகிறது, ஷேரபிள் போட்டதும் போய்விட்டது" என்று யாராவது தீர்வு சொன்னால் கேட்காதீர்கள். அது பூட்டையே கழற்றுவதற்குச் சமம்.

ஒரே பேஸ் இமேஜின் மேல் பல க்யூகவ்2 அடுக்குகள் வைத்திருந்தால், லிப்விர்ட் பூட்டு மேல் அடுக்குக்குத்தான். பேஸ் கோப்பை யாரும் எழுதாதபடி கோப்பு அனுமதியாலேயே பூட்டிவையுங்கள்.

சான்லாக் வழி

சான்லாக் பேக்கேஜ், அதற்கான லிப்விர்ட் பிளகின், வாட்ச்டாக் டீமனான டபிள்யூடிஎம்டி மூன்றும் வேண்டும். ஹோஸ்டில் வன்பொருள் வாட்ச்டாக் இருந்தால் நல்லது, இல்லையென்றால் சாஃப்ட்டாக் கர்னல் மாட்யூல் போதும். எஸ்இலினக்ஸ் இயங்கும் இடத்தில் விர்ட்_யூஸ்_சான்லாக் பூலியனை இயக்குங்கள், குத்தகைக் கோப்புகள் என்எஃப்எஸ்ஸில் இருந்தால் சான்லாக்_யூஸ்_என்எஃப்எஸ் பூலியனையும்.

பகிர்ந்த பங்கை "/வார்/லிப்/லிப்விர்ட்/சான்லாக்" இடத்தில் மவுண்ட் செய்து, சான்லாக் பயனருக்கு எழுதும் உரிமை கொடுங்கள். பிறகு "கியூஎமு-சான்லாக்.கான்ஃப்" கோப்பில்:

ஆட்டோ_டிஸ்க்_லீசஸ் = 1
டிஸ்க்_லீஸ்_டிர் = "/வார்/லிப்/லிப்விர்ட்/சான்லாக்"
ஹோஸ்ட்_ஐடி = 1
யூசர் = "சான்லாக்"
குரூப் = "சான்லாக்"

ஹோஸ்ட்_ஐடி மட்டும் ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் மாற வேண்டும்: 1இலிருந்து 2000 வரை ஏதாவது ஓர் எண், இரண்டு ஹோஸ்டுக்கு ஒன்று வரவே கூடாது. அன்சிபிள் மாதிரி கருவியால் ஒரே கோப்பை எல்லா ஹோஸ்டுக்கும் தள்ளுபவர்கள் இந்த வரியில்தான் சறுக்குவார்கள். ஐடி மோதினால் இரண்டாவது ஹோஸ்ட் லாக்ஸ்பேஸில் சேர முடியாமல் நிற்கும்.

கியூஎமு.கான்ஃப் கோப்பில் லாக்_மேனேஜர் மதிப்பை "சான்லாக்" என்று மாற்றி, டபிள்யூடிஎம்டி, சான்லாக், லிப்விர்ட் டீமன் என்ற வரிசையில் எழுப்புங்கள். லிப்விர்ட் எழச் சற்று நேரம் எடுக்கும். ஐடி வேறு யாரிடமும் இல்லை என்று உறுதி செய்யச் சான்லாக் வேண்டுமென்றே காத்திருக்கிறது, தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் கொல்லாதீர்கள். முடிந்ததும் அந்த டைரக்டரியில் லாக்ஸ்பேஸ் கோப்பு ஒன்று தெரியும். விஎம்கள் ஸ்டார்ட் ஆக ஆக, வட்டுப் பாதையின் எம்டி5 ஹாஷைப் பெயராகக் கொண்ட குத்தகைக் கோப்புகள் வரும், 512 பைட் செக்டார் வட்டில் ஒவ்வொன்றும் 1 எம்பி. பாதையின் ஹாஷ் என்பதால், எல்லா ஹோஸ்டிலும் பாதை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி இங்கும் உண்டு. "சான்லாக் கிளையன்ட் ஸ்டேட்டஸ்" கட்டளையில் லாக்ஸ்பேஸும் ஒவ்வொரு விஎம்மின் குத்தகையும் வரிசையாகத் தெரியும்.

நேரக் கணக்கைப் புரிந்துகொள்வது முக்கியம். ஐஓ டைம்அவுட் இயல்பாக 10 நொடி, மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கும். 20 நொடிக்கு ஒருமுறை ஹோஸ்ட் தன் குத்தகையைப் புதுப்பிக்கும். 80 நொடி புதுப்பிக்க முடியவில்லை என்றால் குத்தகை போனதாக எடுத்துக்கொண்டு, சான்லாக் விஎம்களைக் கொல்லத் தொடங்கும். அவை சாகவில்லை என்றால் வாட்ச்டாக் ஹோஸ்டை ரீசெட் செய்யும், அதற்கு 60 நொடி. இரண்டும் சேர்ந்து 140 நொடி. அதற்குப் பிறகுதான் மற்ற ஹோஸ்ட்கள் இந்த ஹோஸ்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டி அதன் பூட்டை எடுக்கும். உங்கள் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஃபெயிலோவர் ஆக 80 நொடிக்கு மேல் எடுக்கும் என்றால் இயல்பு மதிப்பு உங்களுக்கு ஆபத்து, கன்ட்ரோலர் மாறும் ஒவ்வொரு முறையும் விஎம்கள் செத்துவிழும். ஐஓ_டைம்அவுட்டை உயர்த்துங்கள், எல்லா ஹோஸ்டிலும் ஒரே மதிப்பாக.

குத்தகை போகும்போது விஎம்மைக் கொல்லாமல் இடைநிறுத்தச் சொல்லவும் முடியும். விஎம்மின் எக்ஸ்எம்எல்லில் "ஆன்_லாக்ஃபெயிலியர்" என்ற உறுப்பில் "பாஸ்" என்று கொடுத்தால் இடைநிறுத்தும், "பவர்ஆஃப்" என்று கொடுத்தால் அணைக்கும். டேட்டாபேஸ் விஎம்களுக்கு நான் பாஸ் தேர்ந்தெடுப்பேன். மேலே சொன்ன பதிப்பு எண் கணக்கு இருப்பதால், இடையில் யாரும் வட்டைத் தொடாவிட்டால் பத்திரமாக ரிசியூம் ஆகும்.

ஹோஸ்ட் பாதி செத்தால்

ஹோஸ்ட் முழுதாகச் செத்தால் லாக்டியிலும் பிரச்சினை இல்லை. என்எஃப்எஸ் 4 குத்தகை முடிந்ததும் வேறிடத்தில் எழுப்பலாம். பாதி சாவதுதான் ஆபத்து. ஹோஸ்ட்-1க்கும் என்எஃப்எஸ் சர்வருக்கும் இடையே நெட்வொர்க் அறுந்தது, ஆனால் விஎம் நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. 90 நொடி கழித்துச் சர்வர் பூட்டை விடுவிக்கிறது, தானியங்கி ஏற்பாடு ஹோஸ்ட்-2இல் விஎம்மை எழுப்புகிறது. பூட்டு மட்டும் ஒரு பங்கில், வட்டு ஐஸ்கசியில் என்றால் நிலைமை இன்னும் மோசம்: பூட்டுக்கான நெட்வொர்க் மட்டும் அறுந்து, வட்டு நன்றாக வேலை செய்துகொண்டிருக்கலாம். ஹோஸ்ட்-1 விஎம் எழுதிக்கொண்டேதான் இருக்கும்.

லாக்டி புதிதாக வருபவரை மறுக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியேற்ற அதற்குக் கை கிடையாது. ஆகவே லாக்டி வைத்திருப்பவர்கள் செத்த ஹோஸ்டின் விஎம்மை வேறிடத்தில் எழுப்பும் முன், அந்த ஹோஸ்டின் மின்சாரம் போய்விட்டது என்று ஐபிஎம்ஐ (சர்வரின் மின்சாரத்தைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வசதி) மூலமோ நேரில் போயோ உறுதி செய்ய வேண்டும். சான்லாக் அந்த வேலையை வாட்ச்டாக்கிடம் ஒப்படைத்திருக்கிறது.

அன்றாடப் பராமரிப்பு

விர்ட்லாக்டியை ஒருபோதும் ஸ்டாப் அல்லது ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், விஎம் ஓடும் ஹோஸ்டில் அதன் கையிலுள்ள பூட்டுகள் எல்லாம் போய்விடும். பதிப்பு உயர்த்திய பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீலோட் கொடுங்கள். அது எஸ்ஐஜியூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பும், டீமன் பூட்டுகளைக் கையில் வைத்தபடியே புது பைனரியாக மாறிக்கொள்ளும். நினைவகம் குறைந்தால் ஓஓஎம் கில்லர் முதலில் கை வைக்கும் ப்ராசஸ்களில் அது இருக்கக்கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்லாக்கில் அழித்த விஎம்களின் குத்தகைக் கோப்புகள் தங்கிக்கொண்டே இருக்கும். விர்ட்-சான்லாக்-கிளீனப் என்ற கருவி, யாரும் பிடித்திருக்காத குத்தகைகளை மட்டும் அழிக்கும், அதை ஏதாவது ஒரு ஹோஸ்டின் கிரானில் வாரம் ஒருமுறை ஓட விடுங்கள். கையால் ஆர்எம் கொடுத்து அழிக்க வேண்டாம்.

மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்களில் "பெர்சிஸ்டென்ட்", "அன்டிஃபைன்சோர்ஸ்" இரண்டையும் சேர்த்துவிடுங்கள், பழைய வரையறை பின்னால் தங்காது. ஏற்கெனவே தங்கிப்போனவற்றைக் கண்டுபிடிக்க, எல்லா ஹோஸ்டிலும் விர்ஷ் லிஸ்ட் கட்டளையை "ஆல்", "நேம்" விருப்பங்களோடு ஓட்டி, வெளியீடுகளைச் சேர்த்து சார்ட் செய்து, யூனிக்கில் டி விருப்பம் கொடுங்கள். இரண்டு ஹோஸ்டில் இருக்கும் பெயர்கள் மட்டும் வரும். அவற்றில் ஓடாத பக்கத்தை அன்டிஃபைன் செய்யும்போது, ஸ்டோரேஜை அழிக்கும் "ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ்" விருப்பத்தைத் தவறியும் சேர்க்காதீர்கள். அந்த வட்டு இன்னொரு ஹோஸ்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, அழிப்பதை எந்த லாக் மேனேஜரும் தடுக்காது.